மான் கடித்த துளிரும் முட்டைக் கரைசலும்: ஒரு தோட்டப் பதிவு

காட்டை ஒட்டி அமைந்த என் தோட்டத்தில், நட்டு ஐந்து மாதமாகியிருந்த முசுக்கட்டை (மல்பெரி) கன்றுகளின் நுனிகள் ஒரே இரவில் காணாமற்போயிருந்ததைக் கண்டபோது எனக்கு முதலில் முயலின் மேல்தான் சந்தேகம் எழுந்தது. கடிபட்ட கொப்பு ஒன்றை ஒடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகு அந்தச் சந்தேகம் நீங்கிவிட்டது. முயல் கடித்த தண்டு கூரிய கத்தியால் சாய்வாகச் சீவியது போல மழமழவென்று இருக்கும். என் கையில் இருந்த தண்டோ பாதி அறுபட்டு, மீதி உரிந்து, பச்சை நார் ஒரு விரற்கடை நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. மானுக்கு மேல்தாடையின் முன்புறத்தில் வெட்டுப்பற்கள் கிடையாது. அந்த இடத்தில் தடித்த ஈறுப்பட்டை மட்டுமே இருக்கும். கீழ்ப்பற்களால் தண்டை அந்த ஈறோடு சேர்த்து அழுத்திக்கொண்டு தலையை வெடுக்கென்று இழுப்பதால்தான் தண்டு வெட்டுப்படாமல் கிழிபடுகிறது. கன்றின் அடியில் ஈரமண்ணில் பதிந்திருந்த இரட்டைக் குளம்படிகளும் சிதறிக் கிடந்த கரிய புழுக்கைகளும் மீதிச் செய்தியைச் சொல்லிவிட்டன.

வேலி அமைப்பதே முழுமையான தீர்வு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மான் தாண்டாத வேலி என்றால் ஏறத்தாழ 2.4 மீட்டர் உயரம் வேண்டும். அதற்குக் குறைந்த வேலியை ஓடிவரும் மான் ஒரு தடையாகவே கருதாது. ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் ஓடையுமாக ஒழுங்கற்றுக் கிடக்கும் நிலத்தில் அத்தனை உயரத்துக்குக் கம்பம் நடுவது என் சக்திக்கு மீறிய வேலை. ஆகவே மானை வெளியே நிறுத்துவதற்குப் பதிலாக, உள்ளே வந்த மானுக்கு இலையைப் பிடிக்காமல் செய்யும் வழியைத் தேர்ந்தெடுத்தேன். அந்த வழியில் ஒரு பருவம் முழுவதும் நான் கற்றதையும் தவறியதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

விரட்டிகள் இரண்டு விதமாக வேலை செய்கின்றன. ஒரு வகை நாற்றத்தால் அந்தப் பகுதியையே நெருங்கவிடாமல் செய்வது. மற்றொரு வகை இலையின் மேல் படிந்திருந்து, கடித்த பிறகு வாய்க்கு வெறுப்பூட்டுவது. இரண்டாவது வகையைத்தான் சுவை விரட்டி என்கிறோம். இதில் ஒரு நுட்பம் உண்டு: சுவை விரட்டி வேலை செய்ய வேண்டுமானால் மான் ஒரு வாயாவது கடித்தாக வேண்டும். கடிக்கவே கூடாது என்று எதிர்பார்ப்பவர் இதில் இறங்கக் கூடாது. நாம் ஓர் இலையைக் கொடுத்து நூறு இலையைக் காப்பாற்றிக்கொள்கிறோம், அவ்வளவுதான் ஒப்பந்தம்.

எந்தப் பொருள் நல்லது என்று ஆளுக்கொரு பேச்சு இருப்பதால் நானே சோதித்துப் பார்க்க முடிவு செய்தேன். தோட்டத்தில் 12 முசுக்கட்டை, 6 செம்பருத்தி, 6 ரோஜா என மொத்தம் 24 செடிகள் இருந்தன. மூன்றுமே மானுக்கு மிகவும் பிடித்தவை. இவற்றை எட்டெட்டாக மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு வகைச் செடியும் மூன்று குழுக்களுக்கும் சமமாகப் பகிரப்படுமாறு பார்த்துக்கொண்டேன். முதல் குழுவுக்கு வெறும் தண்ணீர், இரண்டாவதற்குக் கடையில் வாங்கிய கசப்பு மருந்து, மூன்றாவதற்கு முட்டைக் கரைசல். ஒவ்வொரு செடியிலும் பத்துத் துளிர்களில் வண்ண நூல் கட்டி, குழுவுக்கு 80 துளிர்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டு, 14 இரவுகள் கழித்து எண்ணினேன்.

முட்டைக் கரைசலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் பின்பற்றிய அளவு ஒரு பங்கு முட்டைக்கு நான்கு பங்கு தண்ணீர், அதாவது 20 விழுக்காடு முட்டை. ஓடு நீக்கிய முட்டை ஒன்று சுமார் 50 கிராம் இருக்கும் என்பதால் ஐந்து லிட்டர் கரைசலுக்கு ஏறக்குறைய 20 முட்டைகள் தேவைப்பட்டன. கன்றுகளுக்கு இத்தனை முட்டையா என்று வீட்டில் கேட்ட கேள்விக்கு என்னிடம் அப்போது பதில் இல்லை. முட்டைகளை நன்றாக அடித்து, தண்ணீர் சேர்த்து, மூடாத வாளியில் நிழலில் ஒரு நாள் வைத்திருந்து தெளித்தேன். கெடத் தொடங்கிய முட்டைப் புரதத்திலிருந்து கந்தகம் கலந்த ஆவி வெளிப்படும். புலால் அழுகும் அந்த வாடை, ஊனுண்ணி ஒன்று அருகில் இருப்பதைப் போன்ற எச்சரிக்கையைத் தழையுண்ணிகளுக்குத் தருகிறது என்பதே பொதுவான விளக்கம். எனவே முட்டையைச் சுத்தமான சுவை விரட்டி என்று சொல்வதற்கில்லை. அது நாற்றம், சுவை இரண்டின் வழியாகவும் வேலை செய்கிறது. காய்ந்த பிறகு நம் மூக்குக்கு அந்த வாடை தெரிவதில்லை. மானின் மூக்குக்குத் தெரிகிறது.

முதல் நாள் தெளிப்பு பத்தே நிமிடத்தில் நின்றுபோனது. தெளிப்பானின் முனையைக் கழற்றிப் பார்த்தபோது, மஞ்சள் கருவை இரு புறமும் பிடித்து வைத்திருக்கும் கயிறு போன்ற வெண்ணிழை சிறு துளைக்குள் திருகிக்கொண்டு கிடந்தது. எவ்வளவு அடித்தாலும் அந்த இழை கரையாது என்பதைப் படித்திருந்தும், வடிகட்டுவதைச் சோம்பலால் விட்டிருந்தேன். ஊசியால் ஐந்து முறை குத்தியெடுத்தும் ஆறாவது முறையும் அடைத்துக்கொண்டது. இறுதியில் வாளியைக் கவிழ்த்து, மெல்லிய பருத்தித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, மீண்டும் நிரப்பினேன். அன்று முதல் இன்று வரை முனை ஒருமுறைகூட அடைக்கவில்லை.

14 இரவுகள் கழித்து எண்ணியபோது, தண்ணீர் மட்டும் தெளித்த 80 துளிர்களில் 57 கடிபட்டிருந்தன. கசப்பு மருந்துக் குழுவில் 44. முட்டைக் கரைசல் குழுவில் 9. நான் மிகுந்த நம்பிக்கை வைத்திருந்தது கசப்பு மருந்தின் மேல்தான் என்பதால் நடு எண் என்னைச் சங்கடப்படுத்தியது. அதில் இருந்த பொருள் டெனடோனியம் பென்சோயேட். மரத்துப்போகச் செய்யும் மருந்துகளைப் பற்றிய ஆய்வின்போது 1958இல் ஸ்காட்லாந்தில் கண்டறியப்பட்ட இந்தப் பொருள், அறியப்பட்டவற்றுள் மிகக் கசப்பானதாகக் கருதப்படுகிறது. பத்து இலட்சம் பங்குத் தண்ணீரில் பத்துப் பங்கு கலந்தாலே பெரும்பாலான மனிதர்களால் வாயில் வைக்க முடியாது. கையுறையை ஒழுங்காக அணியாமல் தெளித்துவிட்டு வந்து உணவில் கைவைத்த அன்று அந்தக் கசப்பு எத்தகையது என்பதை நானே முழுமையாக அறிந்துகொண்டேன். இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிய கைதான் அது.

எனக்குத் தாங்காத கசப்பு மானுக்கு ஏன் தாங்குகிறது? பழமும் தானியமும் தின்று வாழும் உயிருக்குக் கசப்பு என்பது நஞ்சின் அடையாளம். தழையைத் தின்று வாழும் உயிருக்கோ கசப்பும் துவர்ப்பும் அன்றாடச் சாப்பாட்டின் பகுதி. ஒவ்வொரு கசப்புக்கும் அஞ்சினால் அது பட்டினி கிடக்க வேண்டியதுதான். மானின் உமிழ்நீரில், இலைகளில் உள்ள துவர்ப்புப் பொருளான டானினைப் பிடித்துக் கட்டிவிடும் புரதங்களே இருக்கின்றன. இதை அறிந்த பிறகு, மனித நாக்கை அளவுகோலாக வைத்து விரட்டியைத் தேர்ந்தெடுத்ததுதான் என் தவறு என்பது விளங்கியது. கசப்பு மருந்து முற்றிலும் பயனற்றது என்று நான் சொல்லமாட்டேன். 57க்கும் 44க்கும் இடையில் ஏதோ இருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு கன்றை விட்டுவைக்க முடியாது.

முட்டையின் வெற்றியையும் நான் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அடுத்த வாரம் 24 செடிகளுக்கும் முட்டைக் கரைசலையே தெளித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். புதிய நூல் கட்டி 14 இரவுகள் கழித்து எண்ணியபோது, 240 துளிர்களில் 68 போயிருந்தன. முதல் சோதனையில் 80க்கு 9 என்றால் 240க்கு 27 என்று நான் மனத்தில் போட்டு வைத்திருந்த கணக்கு பொய்த்துப்போனது. காரணம் எளிது: முதல் சோதனையில் முட்டை தெளித்த செடிக்குப் பக்கத்திலேயே வெறும் தண்ணீர் தெளித்த செடி நின்றது. மான் நல்லதைத் தின்றுவிட்டு நாறுவதை விட்டுச் சென்றது. எல்லாமே நாறும்போது, பசி எடுத்த மானுக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. சுவை விரட்டி இலையை உண்ண முடியாததாக ஆக்குவதில்லை. பக்கத்தில் இருக்கும் வேறொன்றைவிட மட்டமானதாக ஆக்குகிறது, அவ்வளவே. ஆகவே ஓடைக்கரையில் தானாக முளைத்திருந்த புதர்களை வெட்டித் துப்புரவாக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். அவை மானுக்கான பந்தியாக அப்படியே இருந்துகொள்ளட்டும்.

அதைவிட முக்கியமான இன்னொரு காரணத்தைக் கண்டது ஒரு காலை வேளையில், ஒரே ஒரு கொப்பை நெருங்கிப் பார்த்தபோதுதான். முட்டைக் கரைசல் காய்ந்த இலையின் மேல் மங்கலான, மிக மெல்லிய படலம் ஒன்று இருக்கும். விரலால் தடவினால் சற்றுச் சொரசொரப்பாகத் தெரியும். அந்தக் கொப்பில் கீழே இருந்த ஆறு இலைகளும் அப்படி மங்கலாக இருந்தன, ஒன்றிலும் பல் படவில்லை. அவற்றுக்கு மேலே நுனி மட்டும் இல்லை. அடுத்த கொப்பிலும் அப்படியே. கடிபடாமல் தப்பிய ஒரு கொப்பில்தான் விடை இருந்தது: மங்கலான ஆறு இலைகளுக்கு மேல், நான் தெளித்த பிறகு விரிந்த மூன்று இலைகள் பளபளவென்று, படலமே இல்லாமல் நின்றன. மான்கள் படலம் முடிந்து பளபளப்பு தொடங்கும் கணுவில், அளந்து வைத்தாற்போலக் கடித்திருந்தன. தரையில் கிடந்த ஒற்றை மங்கலான இலை, பாதி மென்ற நிலையில் வாயிலிருந்து நழுவவிட்டது. முட்டைக் கரைசல் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. நான் தெளிக்காத இடத்தில் அது இல்லை என்பதே குறை.

இலைமேல் படிந்து நிற்கும் எந்த விரட்டிக்கும் இது பொருந்தும். அது செடிக்குள் ஊடுருவிப் புதுத் துளிருக்கு ஏறுவதில்லை. மானுக்கோ செடியிலேயே மிக மென்மையான, சத்து மிகுந்த பகுதி அந்தத் துளிர்தான். மருந்தின் புட்டியில் மாதம் ஒருமுறை என்று எழுதியிருப்பது படலம் எத்தனை நாள் தாங்கும் என்ற கணக்கு. கன்று எத்தனை நாளில் துளிர்க்கும் என்ற கணக்கு அதில் இல்லை. வளர்ச்சி நின்றுபோன காலத்தில் ஒரு முழுத் தெளிப்பு பல வாரங்களுக்குத் தாங்குவதும், துளிர்க்கும் பருவத்தில் அதே தெளிப்பு பத்து நாளில் அர்த்தமற்றுப்போவதும் இதனால்தான்.

எனவே வேலையை இரண்டாகப் பிரித்தேன். மாதத்துக்கு ஒருமுறை, அல்லது இலையை அலசிவிடும் அளவு பெருமழை பெய்த மறுநாள், முழுச் செடிக்கும் பெரிய தெளிப்பானால் தெளிப்பது. இடையில் ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை, அரை லிட்டர் கைத்தெளிப்பானை எடுத்துக்கொண்டு நுனிகளுக்கு மட்டும் இரண்டு பீச்சு. 24 செடிகளுக்கும் இது இருபது நிமிட வேலை, இரண்டு முட்டைச் செலவு. மேலே ஓர் எல்லையும் வைத்துக்கொண்டேன். நின்ற நிலையில் மான் எட்டும் உயரம் இனத்துக்கு இனம் மாறும் என்றாலும் 1.8 மீட்டர் வரை தெளிப்பது பொதுவான நடைமுறை. அந்த அளவில் சிவப்புக் கோடு போட்ட குச்சி ஒன்றைச் செய்து செடியருகில் ஊன்றிப் பார்த்துக்கொண்டு, கோட்டுக்கு மேலே ஒரு சொட்டும் வீணாக்குவதில்லை. தழைச்சத்து உரத்தையும் அந்தப் பருவத்தில் குறைத்தேன். உரம் தின்று கொழுத்த துளிர் மானைக் கூப்பிட்டு விருந்து வைக்கிறது.

இந்த முறையில் மூன்றாவது 14 இரவுகளில் 240க்கு 21 துளிர்கள் மட்டுமே போயின. போதும் என்று விட்டிருக்கலாம். ஆனால் முட்டை வாடைக்கு மான்கள் பழகிவிடக்கூடும் என்ற கவலையில் மிளகாயையும் சேர்க்க முனைந்தேன், அங்கேதான் பெரிய தவறு நடந்தது.

மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் ஏறத்தாழக் கரையாது. எண்ணெயிலும் சாராயத்திலும் கரையும். மிளகாய்த்தூளைத் தண்ணீரில் ஊறவைத்துத் தெளித்தால் சிவந்த தண்ணீர் கிடைக்குமே ஒழிய இலையில் காரம் நிற்காது. ஆகவே 100 மில்லி சமையல் எண்ணெயில் மிளகாய்த்தூளைப் போட்டு, புகையாமல் இளஞ்சூட்டில் வைத்து இறக்கி, ஓரிரவு ஊறவிட்டு வடிகட்டினேன். ஐந்து லிட்டர் தண்ணீரில் இந்த எண்ணெய் பிரியாமல் கலக்க வேண்டுமே என்று 100 மில்லி திரவச் சோப்பை ஊற்றி, அடுத்த வேலை காத்திருந்ததால் உச்சி வெயிலிலேயே தெளித்தும்விட்டேன். மூன்றாம் நாள் ரோஜா இலைகளின் ஓரங்கள் பழுப்பேறிச் சுருண்டன. செம்பருத்தியின் இளந்துளிர்கள் கருகி உதிர்ந்தன. மான் தின்றிருந்தால்கூட அவ்வளவு இழந்திருக்கமாட்டேன். இலையின் மேல் உள்ள மெழுகுப் பூச்சைச் சோப்பு அரித்துவிட, எண்ணெயும் வெயிலும் மீதியை முடித்திருந்தன.

திருத்தம் கைவசமே இருந்தது. முட்டையின் மஞ்சள் கருவில் உள்ள லெசிதின் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிணைக்கும் பொருள். அடித்த முட்டையில் காரமேறிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்துக்கொண்டே வந்தால் வெளிர் ஆரஞ்சு நிறத்தில் கெட்டியான பால் போல ஆகிவிடுகிறது. பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் ஒரு துளி சோப்பும் இல்லாமல் எல்லாம் கலந்துவிடுகிறது. எண்ணெயின் அளவையும் பாதியாக்கினேன். ஒரே ஒரு செடியில் ஐந்தாறு இலைகளுக்குத் தெளித்து, மூன்று நாள் பார்த்து, கருகல் இல்லை என்று உறுதியான பிறகே மற்றவற்றுக்குத் தெளித்தேன். தெளிக்கும் நேரத்தையும் மாற்றிக்கொண்டேன்: பனி ஈரம் காய்ந்த காலை வேளை. மான்கள் பெரும்பாலும் அந்தி நேரத்திலும் விடியலிலும் மேய வருவதால், காலையில் தெளித்தது அவை வருமுன் நன்றாகக் காய்ந்து பிடித்துவிடும். மிளகாய் கலந்த கரைசலைத் தெளிக்கும்போது கண்ணாடியும் கையுறையும் அணிவதும், காற்றுக்கு எதிராக நிற்காமல் இருப்பதும் கட்டாயம். முசுக்கட்டைக்கு வந்துபோகும் பறவைகளைப் பற்றி எனக்குக் கவலை இருந்தது. ஆனால் கேப்சைசினின் எரிச்சலைப் பாலூட்டிகள் உணர்வது போலப் பறவைகள் உணர்வதில்லை. மிளகாய்க் கரைசல் தெளித்த மறுநாளே சிட்டொன்று அந்தக் கொப்பில் உட்கார்ந்து அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது.

மீதமான கரைசலை மறுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு முறை புட்டியில் ஊற்றி இறுக்கி மூடி வைத்தேன். முட்டை கெடும்போது வாயு வெளிப்படும் என்பதை மறந்துவிட்டேன். ஆறாம் நாள் மூடி பறந்து, கருவிகள் வைக்கும் அறைக்குள் இரண்டு வாரம் யாரும் நுழையவில்லை. இப்போதெல்லாம் அன்றைக்குத் தேவையானதை மட்டுமே கலக்கிறேன். எஞ்சியதை உரக்குழியில் ஊற்றிவிடுகிறேன். முசுக்கட்டை காய் பிடித்த கொப்புகளில் எந்தக் கரைசலையும் தெளிப்பதில்லை, பச்சை முட்டையில் நோய்க்கிருமி இருக்கக்கூடும் என்பதால். அந்தக் கொப்புகளுக்குக் காய்ப்பு முடியும் வரை வலைதான்.

விரட்டியால் ஆகாத ஒன்றையும் குறித்துவைக்க வேண்டும். பருவத்தின் பிற்பகுதியில் இரண்டு கன்றுகளின் தண்டில் முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை பட்டை உரிந்து தொங்கியது. இலைகளில் கடியே இல்லை. ஆண்மான் கொம்பை உரசியதால் ஏற்பட்ட காயம் அது. தின்னும் நோக்கமே இல்லாத மானுக்குச் சுவை ஒரு பொருட்டல்ல. தண்டைச் சுற்றி, அதைத் தொடாமல் சற்று இடைவெளி விட்டுக் கம்பி வலையை உருளையாக நிறுத்தினேன். பட்டை ஒரு பக்கம் மட்டுமே உரிந்திருந்த கன்று தேறிவிட்டது. சுற்றிலும் உரிந்திருந்த மற்றொன்று அடியிலிருந்து மீண்டும் தழைத்து, முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது.

நட்டு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டாகும் இன்று, முசுக்கட்டைக் கன்றுகள் 12இல் 9, குச்சியின் சிவப்புக் கோட்டைத் தாண்டி வளர்ந்துவிட்டன. அவற்றின் நுனிக்குத் தெளிப்பதை நிறுத்திவிட்டேன். தாழ்ந்த கொப்புகளில் மான் கொறிப்பதை இனி அந்த மரங்கள் தாங்கிக்கொள்ளும். மீதி மூன்றும் செம்பருத்தியும் இன்னும் என் கைத்தெளிப்பானுக்காகக் காத்திருக்கின்றன. ரோஜா ஒருபோதும் அந்தக் கோட்டைத் தாண்டப்போவதில்லை. ஆறு ரோஜாக்களுக்காகப் பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டு முட்டைகளை உடைத்து, வடிகட்டும் துணியைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.